வடிகால் அடைபட்ட உடம்பில் ஆன்டிபயாடிக்

நான்காம் நாள் காலை பெரியம்மா காப்பித் தம்ளரைக் கையில் வாங்கினார், வாயருகே கொண்டுபோகவில்லை. மடியில் வைத்துக்கொண்டு எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆறிப்போகிறது, குடியுங்கள் பெரியம்மா” என்றேன். “ஆமாம்” என்றார். ஊசி வலிக்கிறதா என்றாலும் “ஆமாம்”, வலிக்கவில்லையா என்றாலும் “ஆமாம்”. வலது கைக் கட்டைவிரல் மட்டும், பணம் எண்ணுவதுபோல, விட்டுவிட்டுத் துடித்தது.

காய்ச்சல் முந்தின நாளே இறங்கியிருந்தது. சம்பா நடவு நேரத்தில், சிறுநீர்த் தொற்றும் குளிர்காய்ச்சலுமாக, மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து கொண்டுவந்து ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். நோய் குறைகிற நேரத்தில் ஆள் ஏன் மங்கிப்போகிறார் என்று யாருக்கும் புரியவில்லை. ஜன்னி கண்டிருக்கிறது என்றார் அண்ணி. காற்றுக் கருப்பு என்றார் பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மாள். எனக்குப் பக்கவாதமோ என்று வயிற்றைக் கலக்கியது. அன்று பணிக்கு வந்த இளம் மருத்துவர்தான் நோயாளியைவிட முதலில் மருந்து அட்டையைப் பார்த்தார். பிறகு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் என்ற இரத்தப் பரிசோதனைத் தாளைத் தேடினார். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, அடுத்த ஊசியை நிறுத்தச் சொன்னார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், மூளையின் மின்னலைகளைப் பதியும் இ.இ.ஜி. எடுத்தபோது விஷயம் வெளிவந்தது. கைகால் வெட்டாமல், வாயில் நுரை தள்ளாமல், மூளைக்குள் வலிப்பு ஓடிக்கொண்டிருந்தது.

அந்த ஊசியின் பெயர் செஃபெபைம். தரமான மருந்து, கடுமையான தொற்றுகளில் உயிரைக் காப்பாற்றுகிற மருந்து. அதுவே வலிப்பையும் உண்டாக்கும் என்பது மருத்துவத்துக்குப் புதிய செய்தியும் அல்ல. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2012 ஜூன் மாதத்திலேயே இதற்கென்று ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு அளவைக் குறைக்காமல் செஃபெபைம் கொடுத்தால், உடல் வெட்டாத வகை வலிப்பு தொடர்ந்து ஓடக்கூடும் என்பது அதன் சாரம். வெளியே தெரியாத வலிப்பு என்பதால்தான் எங்கள் வீட்டில் அதற்கு இத்தனை பெயர்கள் கிடைத்தன.

கதை இன்னும் பின்னோக்கிப் போகிறது. பெனிசிலின் பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய 1945-ஆம் ஆண்டிலேயே, அதை மூளையைச் சூழ்ந்த நீரில் நேரடியாகச் செலுத்தினால் வலிப்பு வருகிறது என்று அமெரிக்க மருத்துவர்கள் இருவர் எச்சரித்து எழுதினார்கள். அதன் பிறகு வலிப்பு நோயை ஆராய்கிறவர்கள், ஆய்வுக்கூட விலங்குகளின் மூளைப் பரப்பில் பெனிசிலினைத் தடவி வலிப்பை வரவழைத்துப் படித்தார்கள். அந்த அளவுக்கு நம்பகமான விளைவு அது.

காரணம் இதுதான். மூளையின் நரம்பணுக்களில் எந்நேரமும் தூண்டுதலும் அடக்குதலும் சேர்ந்தே நடக்கின்றன. அடக்குகிற வேலையைப் பெரும்பாலும் பார்ப்பது ‘காபா’ என்கிற வேதிப்பொருள். அது போய் அமரும் ஏற்பியைப் பெனிசிலின் குடும்பத்து மருந்துகள் தடுக்கின்றன. அடக்குகிற கை தளர்ந்தால் நரம்பணுக்கள் கூட்டமாகக் கொதிக்கும். அந்தக் கொதிப்புதான் வலிப்பு. பெனிசிலினில் இருக்கும் பீட்டா-லாக்டம் என்ற வேதி வளையம், செஃபெபைம் சேர்ந்த செஃபலோஸ்போரின்களிலும் இருக்கிறது, மெரோபெனெம், இமிபெனெம் போன்ற கார்பபெனெம்களிலும் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் ஒரே வீரியம் என்று சொல்ல முடியாது. செஃபெபைமும் இமிபெனெமும் இந்த விஷயத்தில் முன்வரிசையில் நிற்கின்றன. மூளைக்காய்ச்சல் வந்த குழந்தைகளுக்கு இமிபெனெம் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வை 1991-இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். மருந்து பெற்ற 21 குழந்தைகளில் 7 பேருக்கு வலிப்பு வந்தது. மெரோபெனெமுக்கு அந்தக் குணம் குறைவு. மூளைக்காய்ச்சலுக்கு அதைத் தேர்ந்தெடுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்படியென்றால் ஊரெல்லாம் அமாக்சிசிலின் விழுங்குகிறதே, எல்லோருக்குமா வலிப்பு வருகிறது? வருவதில்லை. மிகப் பெரும்பாலானவர்களுக்கு எதுவுமே ஆவதில்லை. மருந்து இரத்தத்திலிருந்து மூளைக்குள் போவதற்கு ஒரு வேலி இருக்கிறது. உள்ளே போனதிலும் பெரும்பங்கை உடல் திரும்ப வெளியேற்றிவிடுகிறது. மீதியைச் சிறுநீரகம் சில மணி நேரத்தில் இறைத்துவிடுகிறது. சிக்கல், அந்த இறைப்பு நின்றுபோகிற உடம்பில்தான்.

காவிரிப் படுகையில் இதை விளக்குவதற்கு அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை. மேட்டூரில் தண்ணீர் திறந்தார்களா என்று ஊரே கேட்கிறது. ஆனால் ஐப்பசி கார்த்திகையில் பயிரைக் காப்பாற்றுவது வடிகால்தான் என்பது கடைமடை விவசாயிக்குத் தெரியும். வாய்க்காலில் எப்போதும்போல அளவாகத்தான் தண்ணீர் வந்திருக்கும். வடிகாலில் ஆகாயத்தாமரை அடைத்துக்கொண்டால் அதே தண்ணீரில் நட்ட பயிர் அழுகும். மருந்தும் அப்படித்தான். எவ்வளவு உள்ளே போகிறது என்பது சீட்டில் இருக்கிறது. எவ்வளவு தேங்குகிறது என்பது சிறுநீரகத்தின் கையில் இருக்கிறது.

பெரியம்மாவின் கணக்கையே சொல்கிறேன். வயது 72, எடை 45 கிலோ, கிரியேட்டினின் 1.4. இந்த 1.4-ஐப் பார்த்தால் கொஞ்சம்தான் கூடியிருப்பதாகத் தோன்றும். ஆய்வகத் தாளில் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சிறிய நட்சத்திரக் குறி ஒன்று இருந்தது, அவ்வளவுதான். ஆனால் கிரியேட்டினின் தசையிலிருந்து வருவது. மெலிந்த, வயதான பெண்ணின் உடம்பில் தசையே குறைவு. உற்பத்தியே குறைவாக இருக்கும்போது 1.4 தேங்கியிருக்கிறது என்றால் சிறுநீரகம் மிகவும் தளர்ந்திருக்கிறது என்று பொருள். 1976 முதல் மருத்துவர்கள் பயன்படுத்தும் ஒரு சூத்திரம் இருக்கிறது. 140-இலிருந்து வயதைக் கழிக்க வேண்டும். எடையால் பெருக்க வேண்டும். கிரியேட்டினினை 72-ஆல் பெருக்கி வந்ததால் வகுக்க வேண்டும். பெண் என்றால் 0.85-ஆல் பெருக்க வேண்டும். சூத்திரத்தில் வரும் 72 மாறாத எண். பெரியம்மாவின் வயதும் அதுவாக அமைந்தது தற்செயல். போட்டுப் பார்த்தால் சிறுநீரகம் வடிக்கும் வேகம் நிமிடத்துக்கு 26 மில்லி என்று வருகிறது. நல்ல சிறுநீரகம் நூறை ஒட்டி வடிக்கும். கால் பங்குதான் மிச்சம்.

அவருக்கு ஏறிக்கொண்டிருந்தது 2 கிராம் வீதம் ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சிறுநீரகம் நன்றாக இருப்பவருக்கு அது சரியான அளவு. 26 மில்லி வடிக்கிறவருக்கு, மருந்துடன் வரும் குறிப்புத் தாளின்படி, நாளைக்கு 1 கிராம். நான்கு மடங்கு அதிகம். 60 மில்லிக்குக் கீழே போனாலே செஃபெபைம் அளவைத் திருத்த வேண்டும். இந்தக் கணக்கைக் கைப்பேசியில் போட அரை நிமிடம் போதும். போடாமல் விட்டதற்கு எனக்கு இன்னும் மனம் ஆறவில்லை. அதே சமயம், இருபது கட்டிலுக்கு ஒரு மருத்துவர் ஓடிக்கொண்டிருந்ததையும் நான் பார்த்தேன்.

நான்காம் நாள் என்பதும் தற்செயல் இல்லை. இந்தச் சிக்கல் பெரும்பாலும் மருந்து தொடங்கிய நாலைந்து நாளில் தலைகாட்டுகிறது. முதலில் தூக்கக் கலக்கம்போல இருக்கும். பேச்சு குழறும், சொன்னதையே சொல்வார்கள், எழுத்தைக் காட்டினால் படிக்க மாட்டார்கள். இமையோ உதடோ விரலோ துடிக்கும். வயதானவர் என்றால், அதுவும் சர்க்கரை நோயாளி என்றால், “வயசாகிவிட்டது” என்ற ஒரு சொல்லில் அத்தனையும் மூடிப்போகும். இ.இ.ஜி. எடுக்காமல் உறுதி செய்ய முடியாது. மருந்தை நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் தெளிந்துவிடும். கடுமையாக இருந்தால் டயாலிசிஸ் செய்து மருந்தின் பெரும்பகுதியை வெளியே எடுக்கவும் முடியும்.

இந்தப் படுகையின் நோய்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்த்தால் கவலை கூடுகிறது. வயலில் எலி, எலியின் சிறுநீர் கலந்த சேற்றில் வெறுங்காலுடன் நடவு. அதனால் வரும் எலிக்காய்ச்சல் முற்றினால் முதலில் தாக்குகிற உறுப்புகளில் ஒன்று சிறுநீரகம். முற்றிய எலிக்காய்ச்சலுக்குக் கொடுக்கும் மருந்துகளோ பெனிசிலினும் செஃப்ட்ரியாக்சோனும். செஃப்ட்ரியாக்சோன் ஒரு பகுதி பித்தத்தின் வழியாகவும் வெளியேறுவதால் அதில் ஆபத்து ஓரளவு குறைவு. பெனிசிலினுக்கு அந்த மாற்றுவழி கிட்டத்தட்ட இல்லை. தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் டாக்சிசைக்ளின் மாத்திரை போதும். அது வலிப்பைத் தூண்டுவது மிக அரிது. உண்ணிக்காய்ச்சலுக்கும் அதே டாக்சிசைக்ளின்தான். காய்ச்சல் மூன்றாம் நாளைத் தாண்டும்போது “வயலில் இறங்கினேன்” என்று மருத்துவரிடம் சொல்வது எவ்வளவு பெரிய தகவல் என்பது இங்கே புரியும்.

இன்னொரு நோயைப் பற்றி நம் பக்கத்தில் பேச்சே குறைவு. மெலியாய்டோசிஸ். இதன் கிருமி ஈர மண்ணிலும் வயல் நீரிலும் வாழ்கிறது. கால் வெடிப்பு, அரிவாள் கீறல் வழியாக உள்ளே போகிறது. தமிழ்நாட்டில் பல இடங்களில் கண்டறியப்பட்டிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளைத்தான் அதிகம் பிடிக்கும். நுரையீரலில் வந்தால் காசநோய் என்றே நினைக்க வைக்கும். இதற்கு மருந்து செஃப்டசிடைம் அல்லது மெரோபெனெம், முழு வீரியத்தில், குறைந்தது பத்துப் பதினான்கு நாள், நரம்பு வழியாக. அதன் பிறகு மூன்று மாதம் மாத்திரை. சர்க்கரையால் தளர்ந்த சிறுநீரகம், பீட்டா-லாக்டம் ஊசி, நீண்ட நாள் சிகிச்சை, இந்த மூன்றும் ஒரே கட்டிலில் சந்திக்கின்றன. ஊசியைக் குறைக்கவும் முடியாது, கண்ணை மூடிக்கொண்டு கூட்டவும் முடியாது. இரண்டு நாளுக்கு ஒருமுறை கிரியேட்டினின் பார்த்து அளவைத் திருத்திக்கொண்டே போகிற மருத்துவர்களைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

ஊசியை விட்டுவிட்டு மாத்திரைக்கு வருவோம். சிப்ரோஃப்ளாக்சசின், ஆஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின். வயிற்றுப்போக்கு என்று மருந்துக் கடையில் சொன்னால் ஆஃப்ளாக்சசின் கலந்த மாத்திரையை எடுத்து நீட்டுகிற பழக்கம் நம் கடைத்தெருக்களில் ஊறிப்போயிருக்கிறது. இந்தக் குடும்பமும் காபாவின் இடத்தைத் தடுக்கிறது. கூடவே உடம்புவலிக்கு ஒரு வலி நிவாரணி சேர்ந்தால் சில சேர்க்கைகளில் அந்தத் தடுப்பு வலுக்கிறது என்பதால் மருந்துத் தாளிலேயே எச்சரிக்கை உண்டு. மூச்சிரைப்புக்குத் தியோஃபிலின் சாப்பிடுகிறவருக்குச் சிப்ரோஃப்ளாக்சசின் கொடுத்தால், தியோஃபிலின் உடைவது குறைந்து இரத்தத்தில் ஏறும். ஏறிய தியோஃபிலின் தானே வலிப்பைக் கொண்டுவரும். மூன்றாவது வழி இன்னும் மறைவானது. சர்க்கரைக்குக் கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இந்தக் குடும்ப மருந்துகள் சர்க்கரையை அபாயகரமாகக் கீழே இறக்கிவிடக்கூடும். 2018-இல் அமெரிக்காவில் இதற்கான எச்சரிக்கையைக் கடுமையாக்கினார்கள். சர்க்கரை மிகவும் இறங்கினாலும் வலிப்பு வரும். ஆகவே மூச்சிரைப்பும் சர்க்கரையும் மூட்டுவலியும் உள்ள ஒரு தாத்தா, சீட்டு இல்லாமல் வாங்கிய நான்கு மாத்திரைகளால் வலிப்புக்குள் விழுவதற்கு மூன்று வழிகள் திறந்து கிடக்கின்றன.

2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் எச்1 என்ற மருந்து விற்பனைச் சட்ட அட்டவணையில் வீரியமான ஆன்டிபயாடிக்குகள் பல வந்துவிட்டன. சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது, தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் கிருமிகள் மருந்துக்குப் பழகிவிடுவதைத் தடுக்கத்தான் வந்தது. ஆனால் சீட்டு என்ற அந்த ஒரு தாள், இன்னொரு மருந்தோடு மோதுகிறதா என்று ஒரு கண் பார்ப்பதற்கும் இடம் கொடுக்கிறது.

காசநோய் மருந்து ஐசோநையாசிட்டின் வழி வேறு. காபா உருவாக வைட்டமின் பி6 தேவை. ஐசோநையாசிட் அந்த பி6-ஐ முடக்குகிறது. வழக்கமான அளவில் இது வலிப்பாக மாறுவது அரிது. காசநோய் மாத்திரையோடு பி6 மாத்திரை கொடுப்பதற்கு, கைகால் நரம்புகளைக் காப்பதே முக்கியக் காரணம். ஆனால் யாராவது மொத்தமாக விழுங்கிவிட்டாலோ, குழந்தை எடுத்துத் தின்றுவிட்டாலோ நிற்காத வலிப்பு வரும். வழக்கமான வலிப்பு மருந்துகள் அதில் பெரும்பாலும் தோற்றுப்போகும். பி6 ஊசிதான் மாற்று மருந்து. மாத்திரைப் பட்டையைச் சாமி மாடத்தில் வைக்கிற வீடுகளில் அந்த மாடம் குழந்தைக்கு எட்டுமா என்று பார்த்துவிடுங்கள்.

நான் மிகவும் அழுத்திச் சொல்ல விரும்புவது ஏற்கெனவே வலிப்பு நோய் உள்ளவர்களுக்கு. வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மாத்திரையில் பல ஆண்டுகளாக வலிப்பே வராமல் இருக்கிற ஒருவர், நிமோனியாவோடு சேர்க்கப்பட்டு மெரோபெனெம் ஏறத் தொடங்கினால், ஒன்றிரண்டு நாளுக்குள் இரத்தத்தில் வால்ப்ரோயேட் பாதிக்கும் கீழே சரிந்துவிடும். மாத்திரையைக் கூட்டினாலும் ஏறாது. ஆன்டிபயாடிக் மூளையைத் தொட வேண்டியதே இல்லை. காவலுக்கு நின்ற மருந்தை விரட்டிவிடுகிறது, அவ்வளவுதான். வேறு ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் வேறு வலிப்பு மருந்தைச் சேர்க்க வேண்டும். காசநோய்க்கான ரிஃபாம்பிசினும் பல வலிப்பு மருந்துகளை இறக்கிவிடும். ஐசோநையாசிட்டோ ஃபெனிட்டாயின் என்ற வலிப்பு மருந்தை ஏற்றிவிடும். இரண்டையும் சேர்த்தே கொடுப்பதால் எந்தப் பக்கம் சாயும் என்று இரத்தத்தில் அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். கார்பமசெபைன் என்ற வலிப்பு மருந்து சாப்பிடுகிறவருக்குத் தொண்டைப் புண்ணுக்குக் கிளாரித்ரோமைசின் கொடுத்தால் கார்பமசெபைன் ஏறித் தலைசுற்றி விழுவார். அசித்ரோமைசினில் அந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

வலிப்பு நோயை மறைக்கிற வழக்கம் நம்மிடம் அதிகம். பெண்ணுக்கு என்றால் இன்னும் அதிகம். திருமணத்துக்கு முன்பு அம்மா மட்டும் அறிந்த ரகசியமாக இருந்து, பிறகு புகுந்த வீட்டில் கைப்பையின் உள்ளறையில் ஒளிந்து வாழ்கிற மாத்திரை அது. காய்ச்சலோடு கட்டிலில் படுத்திருக்கும்போது “வேறு மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்டால், பக்கத்தில் மாமியார் நிற்க, “இல்லை” என்ற பதில்தான் வரும். இந்த ஒரு “இல்லை” என்ன செய்யும் என்று மேலே பார்த்தோம். கேள்வியைத் தனியாகக் கேட்கிற செவிலியர் ஓர் உயிரைக் காப்பாற்றுகிறார்.

எல்லா வலிப்புக்கும் ஆன்டிபயாடிக்கைக் குற்றம் சொல்வதும் தவறு. காய்ச்சலே சிறு குழந்தைகளுக்கு வலிப்பைக் கொண்டுவரும். மூளைக்காய்ச்சல், உப்புச் சத்து குறைவது, சர்க்கரை இறங்குவது, பழைய பக்கவாதத் தழும்பு, நாடாப்புழுக் கட்டி, திடீரென்று நிறுத்திய மது என்று சந்தேகிக்க வேண்டியவை நிறைய. மருந்தை நிறுத்தியதும் தெளிந்தது, அளவும் கூடியிருந்தது, வேறு காரணம் தேடியும் கிடைக்கவில்லை என்று மூன்றும் சேர்ந்தால்தான் மருந்தின் மேல் உறுதியாகக் கை நீட்ட முடியும். இதைப் படித்துவிட்டு யாரும் ஆன்டிபயாடிக்கைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது. இரத்தத்தில் பரவிய தொற்று வலிப்பைவிட வேகமாகக் கொல்லும். நிறுத்துவதும் மாற்றுவதும் மருத்துவரின் வேலை. ஆள் மாறிப்போயிருக்கிறார் என்பதைச் சொல்வது வீட்டாரின் வேலை. அவருடைய பழைய பேச்சும் பார்வையும் நமக்குத்தான் தெரியும்.

கைகால் வெட்டி விழுந்துவிட்டால் சாவிக்கொத்தையும் அரிவாளையும் கையில் திணிக்க ஓடாதீர்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், வாயில் எதையும் வைக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது தெளியாமல் அடுத்தது வந்தால், 108. போகும்போது அந்த வாரம் சாப்பிட்ட அத்தனை மாத்திரைப் பட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வெறும் பட்டையாக இருந்தாலும் சரி. மருந்தால் வந்த பக்கவிளைவை நோயாளியோ வீட்டாரோகூட நேரடியாகத் தெரிவிக்கலாம். இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.

பெரியம்மா ஊசி நிறுத்திய மூன்றாம் நாள் மாலை என்னைப் பார்த்து, “நாற்று பறித்தாகிவிட்டதா?” என்று கேட்டார். நடவே முடிந்திருந்தது. இடையில் போன நாட்கள் அவர் நினைவில் இல்லை. வீட்டுக்குப் புறப்பட்டபோது அந்த இளம் மருத்துவர் சீட்டின் தலைப்பில் சிவப்பு மையால் இரண்டு வரி எழுதிக் கொடுத்தார். செஃபெபைம் கொடுத்ததில் வலிப்பு. எந்த மருந்துக்கும் முன் கிரியேட்டினின் பார்க்கவும். அந்தத் தாளுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு, குடும்ப அட்டையும் காப்பீட்டு அட்டையும் இருக்கிற அதே மஞ்சள் பையில் வைத்திருக்கிறோம். மக்களைத் தேடி மருத்துவத்தில் சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கு வருகிற பெண்ணிடமும் பெரியம்மா அதை முதலில் எடுத்துக் காட்டிவிட்டுத்தான் மாத்திரைக்குக் கை நீட்டுகிறார்.